பணவீக்கம் குறைந்தும் மளிகைச் செலவு குறையாதது ஏன்? – கேள்வி பதில்

மளிகைச் செலவு, பணவீக்கம், பணத்தின் மதிப்பு ஆகியவை குறித்து வந்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்தால் அக்கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள். கடையிலோ ஒரு பொருளின் விலையும் இறங்கவில்லை. எது உண்மை?

இரண்டும் உண்மை. பணவீக்கம் என்பது விலை நிற்கும் உயரமன்று. விலை ஏறும் வேகம். தொடக்கத்தில் 100 ஆக இருந்த விலை முதலாண்டில் 10 சதவீதம் ஏறினால் 110 ஆகும். அடுத்த ஆண்டு பணவீக்கம் 4 சதவீதமாகக் குறைந்தால் அந்த விலை 114.4 ஆகும். செய்தியாளர் 10 என்பது 4 ஆனதைச் சொல்கிறார். நீங்கள் 100 என்பது 114.4 ஆனதை உணர்கிறீர்கள். விலைகள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் பணவீக்கம் சுழிக்குக் கீழே போக வேண்டும். அதற்குப் பணவாட்டம் என்று பெயர். அது நேரும் காலங்களில் வேலையிழப்பும் கூலிக் குறைப்பும் உடன் வருவதே பெரும்பாலும் வழக்கம் என்பதால், அதை எந்த அரசும் விரும்புவதில்லை. ஆகவே விலை இறங்கும் என்று காத்திருப்பதைவிட, நம் வருமானம் அந்த 114.4ஐ எட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே பொருத்தமானது.

கேள்வி: ஐயா, அரசு அறிவிக்கும் பணவீக்க விகிதம் என் வீட்டுக் கணக்கோடு ஒருபோதும் ஒத்துப்போவதில்லை. அந்தப் புள்ளிவிவரம் பொய்யா?

இதே கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். இதில் சற்று நின்று பேச வேண்டும்.

நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்பது ஒரு கற்பனைக் கூடை. ஒரு நாட்டின் குடும்பங்கள் உணவு, வாடகை, போக்குவரத்து, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்குச் சராசரியாக எவ்வளவு செலவிடுகின்றன என்று கணக்கெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையைக் கொடுத்து, அந்தக் கூடையின் விலை மாதந்தோறும் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள். அடிப்படை ஆண்டின் கூடையை மாற்றாமல் வைத்துக்கொண்டு விலையை மட்டும் ஒப்பிடும் இந்த முறைக்கு 1871இல் வடிவம் கொடுத்தவர் லஸ்பேர் என்னும் ஜெர்மானியப் பொருளியலாளர்.

சிக்கல் அந்தச் சராசரியில்தான் இருக்கிறது. ஒரு குடும்பம் தன் செலவில் பாதியை உணவுக்குக் கொடுக்கிறது; இன்னொரு குடும்பம் 15 சதவீதம் மட்டுமே கொடுக்கிறது என்று வையுங்கள். உணவு 12 சதவீதமும் மற்றவை 3 சதவீதமும் விலை ஏறினால், முதல் குடும்பத்தின் பணவீக்கம் 7.5 சதவீதம், இரண்டாவது குடும்பத்துக்கு ஏறக்குறைய 4.4 சதவீதம். வருமானம் குறையக் குறைய உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்பதை எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே குடும்பச் செலவுக் கணக்குகளைக் கொண்டு நிறுவினார். உணவு விலை ஏற்றம் ஏழையின் மேல்தான் முதலில் விழுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எனக்கு இது வெறும் கணக்காகத் தெரியவில்லை; உண்பதைக் குறைத்துக்கொண்டுதான் அந்தக் குடும்பம் அந்த 7.5 சதவீதத்தைச் சமாளிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அடிக்கடி வாங்கும் பொருளின் விலை மனத்தில் தங்குகிறது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வாங்கும் கருவியின் விலை இறங்கியதை நாம் நினைவில் வைப்பதில்லை. எனவே புள்ளிவிவரம் பொய்யன்று; அது உங்கள் வீட்டைப் பற்றியதன்று என்பதே சரி. உங்கள் வீட்டு விகிதம் வேண்டுமானால், நீங்கள் தவறாமல் வாங்கும் இருபது பொருள்களின் அளவையும் விலையையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, ஓராண்டு கழித்து அதே இருபதையும் அதே அளவில் மீண்டும் கணக்கிடுங்கள்.

கேள்வி: மற்றவற்றைவிட உணவுப்பொருள் விலை இவ்வளவு வேகமாக ஏறுவது ஏன்?

விளைச்சலை நினைத்தவுடன் கூட்ட முடியாது. உண்பதை நினைத்தவுடன் நிறுத்தவும் முடியாது. இரு பக்கமும் இறுகியிருப்பதால், வரத்து சிறிது குறைந்தாலும் விலை பெரிதாகத் தாவுகிறது.

இதனுடன் எரிபொருளும் சேர்கிறது. தழைச்சத்து உரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவைக் கொண்டே செய்யப்படுகிறது; உழவுக்கும் பாசனத்துக்கும் சரக்கேற்றத்துக்கும் எரிபொருள் வேண்டும். 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா போர் தொடுத்தபோது, கோதுமை ஏற்றுமதியில் முன்னணியில் இருந்த இரு நாடுகளும், எரிவாயுவும் உரமும் ஒரே நேரத்தில் அந்தச் சுழலில் சிக்கின. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு தானியம், சமையல் எண்ணெய், பால்பொருள், இறைச்சி, சர்க்கரை ஆகியவற்றின் உலகச் சந்தை விலைகளைக் கொண்டு வெளியிடும் குறியீட்டெண், அடுத்த மாதமே அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. பின்னர் அது இறங்கியது. ஆனால் கடையில் நாம் கொடுக்கும் விலையில் விளைபொருளின் பங்கு ஒரு பகுதிதான். ஆலைக்கூலி, பொதி கட்டும் செலவு, வண்டி வாடகை, கடை வாடகை, ஊழியர் ஊதியம் ஆகியவை ஏறியபடியே நின்றுவிட்டதால், மூலப்பொருள் மலிந்த அளவுக்குக் கடை விலை இறங்கவில்லை.

கேள்வி: விலை அதேதான் இருக்கிறது, பொட்டலம் மட்டும் சிறுத்துவிட்டது. இதுவும் விலையேற்றமா?

ஆம். 1,000 கிராம் இருந்த பொட்டலம் அதே விலைக்கு 900 கிராம் ஆனால், விலை 11 சதவீதம் ஏறிவிட்டது என்று பொருள். புள்ளிவிவரத் துறைகள் எடையையும் பார்த்தே இதைக் கணக்கிடுகின்றன. வாங்கும் நாமும் பொட்டலத்தின் விலையை விட்டுவிட்டு, 100 கிராமுக்கு என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: அரசே பணத்தை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்தால் என்ன?

பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடினால், அதே பொருளுக்கு அதிகப் பணம் போட்டியிடும். 1914க்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க் என்று இருந்த ஜெர்மனியில், 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் ஆயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் படையோடு நுழைந்தபோது, எதிர்ப்புத் தெரிவித்து வேலையை நிறுத்திய தொழிலாளருக்கு அரசு அச்சடித்த பணத்திலேயே கூலி கொடுத்தது. முன்பே பெருகியிருந்த பணம் அதன்பின் கட்டுக்கடங்காமல் போயிற்று. 1946 ஜூலையில் ஹங்கேரியின் நிலை இன்னும் கொடியது; ஏறத்தாழ 15 மணி நேரத்துக்கு ஒருமுறை விலைகள் இரட்டித்தன.

ஆயினும் அச்சடித்த உடனே விலை ஏறும் என்று சூத்திரம்போல் எண்ணிவிடக் கூடாது. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மைய வங்கி பெருமளவில் புதுப் பணத்தை உருவாக்கியும் அடுத்த பத்தாண்டில் பணவீக்கம் அடங்கியே இருந்தது. அதில் பெரும்பகுதி வங்கிகளின் இருப்பாகவே தங்கிவிட்டது. மக்கள் கையில் செலவாகவில்லை.

கேள்வி: வட்டியை உயர்த்தினால் மளிகை விலை எப்படிக் குறையும்?

வட்டி உயர்வால் ஒரு மணி தானியம்கூடக் கூடுதலாக விளையாது. கடன் விலையேறுவதால் மக்களும் நிறுவனங்களும் செலவைக் குறைக்கிறார்கள், தேவை தளர்கிறது, விலையேற்றம் ஊதியத்துக்கும் பிற பொருள்களுக்கும் பரவுவது தடைபடுகிறது. அமெரிக்காவில் 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஓராண்டில் 3 சதவீதத்துக்கு வந்ததில் வட்டி உயர்வுக்கும் எரிபொருள் விலை இறங்கியதற்கும் பங்கு உண்டு.

இந்த மருந்தின் கசப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1979க்குப் பின் பால் வோல்க்கர் தலைமையில் அமெரிக்க மைய வங்கி வட்டியை 20 சதவீதம் வரை கொண்டுபோய்ப் பணவீக்கத்தை அடக்கியது. 1982 இறுதியில் அங்கு வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது.

கேள்வி: விலைக்கு உச்சவரம்பு விதித்துச் சட்டம் போட்டால் போதாதா?

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 301இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை விதித்தார். மீறினால் மரண தண்டனை. சரக்குகள் சந்தையிலிருந்து மறைந்தன என்று அக்காலத்து எழுத்தாளரே குறித்திருக்கிறார். பஞ்ச காலத்தில் பதுக்கலைத் தடுக்கச் சிறிது காலக் கட்டுப்பாடு உதவலாம். அரசு தன் கிடங்கிலிருந்து தானியத்தை வெளியே விடுவது அதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். வைப்புத்தொகையின் வட்டியில் வாழ்கிறேன். ஆண்டுதோறும் ஏழையாகிக்கொண்டே போவதுபோல் இருக்கிறது.

உங்கள் உணர்வு சரியானது. வட்டி 6 சதவீதம், அதில் பத்தில் ஒரு பங்கு வரி, பணவீக்கம் 7 சதவீதம் என்றால், கையில் நிற்கும் 5.4 சதவீதம் விலையேற்றத்தை ஈடுகட்டாது. அந்த வட்டி முழுவதையும் செலவிடாமல் அசலோடு சேர்த்தாலும் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் மதிப்பு கரையும். நீங்களோ வட்டியைச் செலவிடுகிறீர்கள், ஆகவே அசல் ஆண்டுக்கு ஆறரை சதவீதம் மெலிகிறது. 70ஐப் பணவீக்க விகிதத்தால் வகுத்தால் பணத்தின் மதிப்பு பாதியாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரியும். 7 சதவீதத்தில் அது பத்தே ஆண்டு.

பிரிட்டன் 1981இலும் அமெரிக்கா 1997இலும் விலைக் குறியீட்டெண்ணோடு சேர்ந்து உயரும் அரசுப் பத்திரங்களைத் தொடங்கின. உங்களுக்கு அத்தகையவை கிடைக்குமானால் சேமிப்பில் ஒரு பகுதியை அவற்றில் வைப்பது தகும். இயன்றவரை, வரும் வட்டியில் சிறு பகுதியையாவது அசலோடு சேர்த்துவிடுங்கள். அச்சத்தில் முழுத்தொகையையும் எடுத்து, அதிக லாபம் தருவதாகச் சொல்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் தேடிவருவது இப்படிப்பட்ட காலத்தில்தான்.

கேள்வி: ஐந்து சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது. மகிழலாமா?

அவ்வாண்டுப் பணவீக்கம் 7 சதவீதமாக இருந்தால், 1.05ஐ 1.07ஆல் வகுத்துப் பாருங்கள், 0.981 வரும். உங்கள் ஊதியத்தின் வாங்கும் திறன் ஏறக்குறைய 2 சதவீதம் குறைந்திருக்கிறது. அடுத்த முறை ஊதியம் பேசும்போது இந்தக் கணக்கை எழுதிக்கொண்டு போங்கள். உயர்வு கேட்கிறேன் என்று சொல்லாமல், முதலில் பழைய ஊதியத்தையே திருப்பிக் கேட்கிறேன் என்று தொடங்குங்கள்.