சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீர்க் கணக்கை விளங்கப்படுத்துவது எப்படி?

சிறுபோகத்துக்கு (மழை குறைந்த காலத்து நெற்செய்கைக்கு) முன் நடக்கும் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் குளத்து நீர்க் கணக்கு வாசித்தால் சனம் குழம்புகிறது, எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடிவை முதலில் சொல்லுங்கள். "இந்தமுறை நாலு ஏக்கருக்கு ஒரு ஏக்கர் விதைக்கலாம்." வந்திருப்பவர்களுக்கு வேண்டியது அதுதான், அது தெரியும்வரை வேறெந்த இலக்கமும் காதில் ஏறாது. பிறகு கணக்குக்கு வாருங்கள். உதாரணத்துக்கு, குளத்தில் 12,000 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஒரு ஏக்கர் அடி). குடிநீர், மாடுகள், மீன், ஆவியாகிப் போவது என்று 3,000 ஒதுக்கினால் மிச்சம் 9,000. வாய்க்கால் கசிவோடு ஏக்கருக்கு நாலரை ஏக்கர் அடி என்றால் 2,000 ஏக்கர். குளத்தின் கீழ் வயல் 8,000 ஏக்கர், அதில் நாலில் ஒன்றுதான் இந்த 2,000. இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் எழும்புவார்: "நாலரை அடி தண்ணியோ தம்பி வயலில நிக்கப்போகுது?" ஒரேயடியாக இல்லை, உழவிலிருந்து கடைசித் தண்ணீர் வரை பாய்ச்சுவதன் கூட்டுத்தொகை என்று அவர் கேட்கமுதலே சொல்லிவிடுங்கள். லீற்றரில் மாற்றவே வேண்டாம், வயற்காரருக்கு அது மனதில் நிற்காது.

பெரிய சிக்கல் குளத்து நீர்மட்டத்தைச் சொல்லும் அடிக்கணக்கில்தான். கிளிநொச்சி இரணைமடுக் குளம் 36 அடியில் நிரம்பும்; 18 அடி நிற்கிறது என்றால் பாதித் தண்ணீர் இருக்கிறதென்றே எல்லாரும் நினைப்பார்கள், "பிறகேன் பங்கைக் குறைக்கிறியள்?" என்று சண்டை வரும். குளம் கீழே ஒடுங்கி மேலே விரிவது. ஒரு தாச்சியை மேசையில் வைத்து, நடுவில் அடிமட்டத்தை நிறுத்தி, முன்வரிசையில் இருக்கும் ஒருவரையே பேணியால் வார்க்கச் சொல்லுங்கள். 16 பேணி பிடிக்கும் தாச்சியில் பாதி உயரத்துக்கு நாலைந்து பேணிதான் போகும். எண்ணுவது அவர்களாகவே இருக்கட்டும். வாளியைக் கொண்டுபோகாதீர்கள், நேர்ச்சுவர் உள்ள பாத்திரம் பிழையான பாடத்தையே காட்டும்.

பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் மங்கிவிடும். பெரிய தாளில், ஒரு தாளுக்கு ஒரு இலக்கம், 30 அடி தள்ளி இருப்பவருக்கும் தெரிய 3 அங்குல உயரத்தில் எழுதுங்கள். ஒதுக்கிய 3,000 ஐ மட்டும் பிரித்துக் காட்டுங்கள், சந்தேகம் எப்போதும் அங்கேதான் கிளம்பும்.

"விளங்கினதோ?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். "மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவர் எவ்வளவு விதைக்கலாம்?" என்று கேளுங்கள். கடைசி வாய்க்கால்காரர் இருக்கும் பக்கத்திலிருந்து "முக்கால்" என்று பதில் வந்தால் தண்ணீர் திறக்கும் திகதிக்குப் போகலாம். வராவிட்டால் 9,000 எழுதிய தாளுக்குத் திரும்புங்கள்.