பள்ளி ஆசிரியரின் அன்றாட வேலையை எளிதாக்கும் தொழில்நுட்பக் குறிப்புகள் என்னென்ன?

கேட்டவர் நடுநிலைப் பள்ளி ஆசிரியர், வயது 47. வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், பெற்றோர் வாட்ஸ்அப் குழு எல்லாவற்றையும் தன் போனிலும் பள்ளியில் இருக்கும் ஒரே கணினியிலும் பார்க்கிறார். கணினி வகுப்பு எதற்கும் போனதில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

நான் 19 ஆண்டுகளாகத் தமிழாசிரியை. எனக்கும் யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. புதுச் செயலி எதையும் இறக்கச் சொல்வதற்கு முன்னால் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்: தமிழை ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் தட்டச்சு செய்யப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாகவே எளிதாகும்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், பட்டிருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் வினாத்தாள்களை டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்குவேன். எல்லாம் பாமினி எழுத்துரு. கோப்புகளைப் பென் டிரைவில் பத்திரமாக வைத்திருந்தேன். பள்ளிக்குப் புது மடிக்கணினி வந்த அன்று ஆசையோடு திறந்தால், ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். அறுபதுக்கும் மேற்பட்ட வினாத்தாள்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த இளைய ஆசிரியைதான், “அக்கா, பயப்படாதீங்க. எல்லாம் உள்ளே அப்படியே இருக்கு” என்றார்.

அவர் சொன்னது உண்மை. பாமினியில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசைதான். அதன் மேல் தமிழ் உருவத்தை எழுத்துரு போர்த்திக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால் போர்வை போய்விடும். ஒருங்குறியில் அப்படி இல்லை. அ என்ற எழுத்துக்கே தனி எண் உண்டு, எந்தக் கருவியில் திறந்தாலும் அது அ தான். ‘குற்றியலுகரம்’ என்று தேடினால் ஐந்து வருடத்துக்கு முந்தைய வினாத்தாளும் வந்து நிற்கும். தமிழ்நாடு அரசும் 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டுவிட்டது.

பழைய கோப்புகளை மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதைக் கணினியில் நிறுவிக்கொண்டு மாற்றுங்கள். வினாத்தாளைக் கொண்டுபோய் முன்பின் தெரியாத இணையதளத்தில் ஒட்ட வேண்டாம். இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். தமிழோடு ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடும், அதனால் தமிழ்ப் பகுதியை மட்டும் எடுத்து மாற்றுங்கள். அப்புறம், ‘கௌரவம்’ என்பது ‘கெளரவம்’ என்று ஆகியிருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பின்னது கெ என்ற எழுத்தும் ள என்ற எழுத்தும் அடுத்தடுத்து நிற்பது. தேடினால் கிடைக்காது, பிள்ளைகளுக்கும் தவறாகப் பதியும். ஔ வரும் சொற்களை மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பரிந்துரைக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி வைத்துக்கொள்ளும். பந்து என்பதற்கு ப, ந, த, உ. இன எழுத்து என்று நாம் இலக்கணத்தில் நடத்துவதையே அந்த விசைப்பலகை பின்பற்றுகிறது, அதனால் தமிழ் படித்தவர்களுக்கு மிக இயல்பாக வரும். விண்டோஸ் 11இல் அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். போனில் செல்லினம் என்ற தமிழ்த் தட்டச்சுச் செயலியில் இதே அமைப்பு இருக்கிறது. எனக்குக் கை பழக இரண்டு வாரம் ஆனது, தினமும் அரை மணி நேரம்.

அதுவரை காத்திருக்க முடியாது என்றால் போனில் ஜிபோர்டு விசைப்பலகையின் மைக்கை அழுத்திப் பேசுங்கள். வகுப்பில் பாடம் சொல்லும் நிதானத்தில் பேசினால் நன்றாகவே எழுதும். வல்லினம் மிகும் இடங்களை மட்டும் அது விட்டுவிடும், நாம் திருத்த வேண்டும். அச்சில் இருக்கும் பழைய பக்கம் என்றால் படம் எடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் அதைக் கூகுள் டாக்ஸ் வழியாகத் திறங்கள். படத்துக்குக் கீழே எழுத்துகள் தட்டச்சு செய்ததுபோல வந்துவிடும். கையெழுத்துக்கு இதை நம்ப முடியாது.

அச்சுக்குக் கொடுக்கும்போது வேர்டு கோப்பாகத் தராமல் பிடிஎஃப் ஆக மாற்றிக் கொடுங்கள், அவர்கள் கணினியில் வரி கலையாது. ஜெராக்ஸ் கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், வெளியே வந்ததும் போனில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைப் பார்த்து வெளியேறுங்கள். வினாத்தாள் மட்டுமல்ல, பெற்றோர் நமக்கு அனுப்பிய சொந்த விஷயங்களும் அதில் இருக்கின்றன.

எக்செல் பற்றி ஒரு எச்சரிக்கை. உதவித்தொகைக்காக மாணவர்களின் வங்கிக் கணக்கு எண்ணை உள்ளிடுவோம் இல்லையா? எக்செல் ஒரு எண்ணில் 15 இலக்கங்களைத்தான் சரியாக வைத்துக்கொள்ளும். கணக்கு எண் 16 இலக்கமாக இருந்தால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும். 12 இலக்க ஆதார் எண்ணும் நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு சுருங்கித் தெரியும். அது தோற்றம்தான், மீட்டுவிடலாம். ஆனால் 0 ஆன இலக்கம் திரும்ப வராது. எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிடுங்கள். ஒரு முறை என் வகுப்பில் நான்கு பிள்ளைகளின் கணக்கு எண் இப்படித்தான் தவறாகப் போனது. அந்தப் பணத்தை நம்பியிருந்த வீடுகள் அவை. ஒரு தாய் கூலி வேலையை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்தார். இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பெற்றோர் குழுவில் ‘அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்’ என்று வைத்துவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே வீட்டுப்பாடம் காணாமல் போகாது. அதைவிட முக்கியமானது வேறு. குழுவில் சேர்ந்த ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரில் பல அம்மாக்களுக்கு அதில் விருப்பமில்லை, அது நியாயமும்கூட. அவர்களுக்காக நான் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்திருக்கிறேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். அவர்கள் போனில் நம் எண் சேமிக்கப்பட்டிருந்தால்தான் வந்து சேரும், அதனால் முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

பாடநூலில் இருக்கும் கியூஆர் குறியீடுகளைத் திக்‌ஷா என்ற அரசின் பாடச் செயலியில் ஸ்கேன் செய்து, காணொளியை முந்தின நாள் வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள். வகுப்பில் சிக்னலைத் தேடி நிற்க வேண்டாம்.

சரி, எங்கே தொடங்குவது என்றால், இந்த வாரம் உங்கள் பழைய வினாத்தாள் ஒன்றின் வேர்டு கோப்பைப் போனில் திறந்து பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் ஒருங்குறியில் இருக்கிறது. ஆங்கில எழுத்துகளாக வந்தால் அதன் முதல் வரியை மட்டும் அப்படியே இங்கே ஒட்டுங்கள், எந்த எழுத்துரு என்று பார்த்துச் சொல்கிறேன்.