யப்பான் காரா, இங்கே பொருத்திய காரா?

கேள்வி: ஐயா, நான் களுவாஞ்சிக்குடியில் ஆசிரியை. கணவருக்கு ஹாட்வெயார் கடை. பத்து வருடமாகச் சீட்டும் நிலையான வைப்புமாகச் சேர்த்ததில் கையில் 48 லட்சம் இருக்கிறது. பிள்ளைகளை மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் வகுப்புக்குக் கூட்டிப்போய் வர ஒரு கார் வாங்க நினைக்கிறோம். யப்பானில் பாவித்து இங்கே வந்த, இன்னும் பதிவு செய்யாத கார் ஒன்று 82 லட்சம் சொல்கிறார்கள். இலங்கையிலேயே பொருத்திய புதிய கார் ஒன்று 65 லட்சத்துக்கு வருகிறது. "யப்பான் சாமான் தங்கம் மாதிரி, வித்தாலும் காசு குறையாது" என்கிறார் கணவர். கொழும்பில் இருக்கும் தம்பியோ, "2022இல பட்டதை மறந்துட்டு திரும்பவும் டொலரை வெளியே அனுப்பப் போறீங்களா அக்கா? நாட்டில செய்ததை வாங்குங்க" என்று சண்டை பிடிக்கிறான். மீதிப் பணத்துக்கு லீசிங் போடலாம் என்றிருக்கிறோம். வீட்டுச் செலவெல்லாம் போக மாதம் 95,000 அளவில் மிஞ்சும். எதை வாங்குவது?

பதில்: டீச்சர், தம்பியின் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்த பிறகு பட்ட பாடு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று கியூஆர் காட்டி எண்ணெய் வாங்கினோம். 200 ரூபாயில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தார்கள். டொலர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்கள் நாம்.

உள்நாட்டுத் தொழில் என்றால் என்ன என்பதும் நமக்குத் தெரியாததல்ல. வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் வந்தது. நம் வயல் வைக்கோலையே மூலப்பொருளாக எடுத்து அங்கே காகிதம் செய்தார்கள். எத்தனை குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் வீடு கட்டின, பிள்ளைகளைப் படிப்பித்தன! போர்க்காலத்தில் அது ஒடுங்கிப்போனபோது வாழைச்சேனைச் சந்தையே மங்கியது. அதனால் "நாட்டில் செய்தது" என்று ஒருவர் சொன்னால் நான் காது கொடுத்துக் கேட்பேன்.

ஆனால் கார் காகிதம் அல்ல. இங்கே பொருத்தும் காரின் எஞ்சின், கியர் பெட்டி, உடல் தகடுகள், கணினிப் பாகங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. அவற்றுக்கும் டொலர் போகிறது. டயர், பற்றரி, இருக்கை போன்றவற்றை இங்கேயே எடுத்துப் பொருத்துகிறார்கள். உள்நாட்டில் சேர்க்கும் பெறுமதியைப் பார்த்து அரசாங்கம் வரியில் சலுகை கொடுக்கிறது. உங்களுக்குச் சொன்ன விலை குறைவாக இருப்பதற்கு அந்தச் சலுகையும் ஒரு காரணம். இது நமக்குப் புதிய முயற்சியும் அல்ல. 1970களில் தொழிலதிபர் உபாலி விஜேவர்தன ஃபியட் கார்களை இங்கே பொருத்தினார். லோரன்ஸ் பெரேராவின் மைக்ரோ கார்களை நீங்களே வீதியில் கண்டிருப்பீர்கள். இப்போது சீதுவையில் ஹூண்டாய் கார் பொருத்துகிறார்கள், வெலிபென்னவில் மஹிந்திராவுக்கு 2019இல் தொழிற்சாலை திறந்தார்கள். அங்கே வேலை செய்யும் பொடியன்மாருக்குக் கிடைக்கும் தொழிலும் கைப்பழக்கமும் உண்மையான நன்மை. அதை நான் மதிக்கிறேன்.

மறுபக்கம், யப்பான் காருக்குக் கொடுக்கும் 82 லட்சமும் யப்பானுக்குப் போவதில்லை. சுங்க வரி, எஞ்சின் கொள்ளளவைப் பார்த்துப் போடும் கலால் வரி, இவற்றுக்கு மேல் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) என்று விலையில் பெரும் பங்கு திறைசேரிக்குத்தான் போகிறது. ஆகவே ஒன்று நாட்டுப்பற்று, மற்றது துரோகம் என்று பிரிக்க வழியில்லை. டொலர் இரண்டிலும் போகிறது, யப்பான் காரில் கூடுதலாக. ரூபாய் இரண்டிலும் இங்கே நிற்கிறது. ஒன்றில் கூலியாக, மற்றதில் கூடுதல் வரியாக. புதிதாக ஒரு டொலரும் போகக்கூடாது என்பதுதான் தம்பியின் எண்ணம் என்றால், ஏற்கனவே இலங்கையில் பதிவு செய்து ஓடிய கார் ஒன்றை நல்ல பாஸ் (மெக்கானிக்) ஒருவரைக் கொண்டு பார்த்து வாங்குங்கள். அந்தக் காசு இந்த நாட்டுக்காரர் ஒருவரின் கைக்கே போகும். உங்கள் 48 லட்சத்துக்குள் லீசிங்கே இல்லாமல் முடிக்கவும் கூடும். ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இருட்டில் திரும்புகிற ஓட்டம் என்பதால், பழைய காரை நான் இரண்டாவதாகவே வைக்கிறேன்.

இனி உங்கள் கணவர் சொன்ன தங்கக் கதை. இறக்குமதி நின்றிருந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனத்தின் விலை ஏறிக்கொண்டே போனது உண்மைதான். வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்களை எனக்கும் தெரியும். கதவு பூட்டியிருந்ததால் வந்த விலை அது. இப்போது கதவு திறந்திருக்கிறது. எந்தக் காரும் வருடா வருடம் விலை குறையத்தான் செய்யும். யப்பான் கார் விற்கும்போது மற்றதைவிட நல்ல விலைக்குப் போகும், அது சரி. மூன்று வருடத்தில் மாற்றுகிறவருக்கு அது பெரிய விஷயம். சின்னவர் வகுப்புகளை முடிக்கும் வரை, எட்டோ பத்தோ வருடம் ஓடப்போகிற உங்களுக்கு அது அவ்வளவு பெரிதல்ல.

அதோடு நம் கரையில் எந்த நாட்டுக் காருக்கும் ஒரே எதிரி இருக்கிறது. நான் கல்லடியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். என் கார் யப்பான் கார்தான். வெளியே பார்த்தால் இன்றும் மினுங்கும். போன வருடம் கராஜில் மேலே தூக்கியபோது பாஸ் ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் தட்டிக்கொண்டே போனார். டங், டங் என்று வந்த சத்தம் பின் சில்லுக்குக் கிட்டப் போனதும் பொத்தென்று மாறியது. திருப்பி முனையால் அமத்தினார். அது உள்ளே போய்விட்டது. செதில் செதிலாகக் கறள் அவர் முகத்தில் உதிர்ந்தது. வாங்கிய வருடமே அடிப்பாகத்துக்குப் பூச்சு அடித்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது. நீங்கள் எதை வாங்கினாலும் முதல் மாரிக்கு முன்னால் அந்தப் பூச்சை அடித்துவிடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம், முடிவு அங்கேதான் இருக்கிறது.

48 லட்சத்தில் 6 லட்சத்தைத் தொடாதீர்கள். அது வைப்பிலேயே கிடக்கட்டும். மீதி 42 லட்சத்தை முற்பணமாகக் கட்டினால் யப்பான் காருக்கு 40 லட்சம் லீசிங் வேண்டும், இங்கே பொருத்திய காருக்கு 23 லட்சம் போதும். வட்டி 14 வீதம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். 40 லட்சத்துக்கு மாதத் தவணை 93,000 வரும். 23 லட்சத்துக்கு 53,500 வரும். முதலாவதில் ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 15 லட்சத்து 84 ஆயிரம்; இரண்டாவதில் 9 லட்சத்து 11 ஆயிரம். விலையில் உள்ள 17 லட்ச வித்தியாசத்தோடு இதையும் கூட்டினால், யப்பான் கார் உங்களுக்கு ஏறத்தாழ 24 லட்சம் கூடுதலாகப் பிடிக்கிறது. விற்கும்போது அது கூடுதலாகக் கொண்டுவரும் காசு இந்த 24 லட்சத்தை மூடும் என்று நான் நம்பவில்லை.

மாதம் மிஞ்சுவது 95,000, தவணை 93,000. பெற்றோலுக்கு எங்கே போவீர்கள்? காப்புறுதிக்கு? இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் சம்பளம் மாதா மாதம் ஒரே மாதிரி வரும், கடை வருமானம் அப்படி வராது. வெள்ளாமை வெட்டி நெல் விற்ற பிறகுதான் வாவிக்கு அப்பால் வயல் செய்கிற படுவான்கரைச் சனம் சீமெந்தும் தகரமும் வாங்க வருவார்கள். கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கிவிட்டால் யார் வீடு கட்டுகிறார்கள்? அந்த இரண்டு மாதமும் தவணைத் திகதி மட்டும் தவறாமல் வரும். தவணை தவறி, முற்றத்தில் நின்ற வாகனத்தை லீசிங்காரர் எடுத்துப்போன வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன் டீச்சர். அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு, கடைசி ரூபாய் வரைக்கும் தவணை கட்டச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஆகவே என் முடிவு, இங்கே பொருத்திய 65 லட்சம் கார். தம்பி வென்றுவிட்டார் என்று சொல்லுங்கள், ஆனால் காரணம் வேறு: அது உங்கள் கடனைப் பாதி அளவுக்குக் குறைக்கிறது, புதிய காருக்குரிய உத்தரவாதத்தோடு வருகிறது. இதே கார் 80 லட்சம் என்றால், நாட்டுக்காக வாங்குங்கள் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். உள்ளூர்த் தொழிலின் சுமையை ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் ஏற்றுவது நியாயமில்லை.

இருந்தாலும் சில விஷயங்களைப் பார்த்துவிட்டுத்தான் முற்பணம் கட்ட வேண்டும். உத்தரவாதத்துக்கான சர்வீஸை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ செய்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னால் அந்த உத்தரவாதம் பெயருக்குத்தான். முன் விளக்கு, பம்பர், பக்கக் கண்ணாடி மூன்றும் கையிருப்பில் இருக்கிறதா, என்ன விலை என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தியில் ஓர் ஆட்டோ உரசினால் முதலில் போவது இவைதான். காப்புறுதியில் வெள்ளச் சேதமும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். மழைக்காலத்தில் நம் வீதிகள் எப்படி நிற்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் கணவர் மனம் ஆறாமல் யப்பான் காருக்கே போவதென்றால், இன்னும் ஒன்றரை வருடம் பொறுத்துச் சேருங்கள். அப்போதும் யப்பானில் அந்தக் காரை ஏலத்தில் விற்றபோது கொடுத்த தாளைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள கிலோமீற்றர் கணக்கையும் காரின் மீற்றரில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

லீசிங் கந்தோரில் "வட்டி எவ்வளவு" என்று மட்டும் கேட்காதீர்கள். குறைந்துவரும் மீதிக்கா வட்டி, அல்லது முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் ஒரே வட்டியா என்று கேளுங்கள். 14 வீதம் என்று சொல்லிவிட்டு முழுத் தொகைக்கும் போட்டால், 23 லட்சத்துக்கான தவணை 65,000ஐத் தாண்டிவிடும். முன்கூட்டிக் கட்டி முடித்தால் தண்டம் உண்டா என்பதையும் கேளுங்கள். நல்ல அறுவடை வருடத்தில் கடையில் சேரும் காசைக் கொண்டு நான்கு வருடத்திலேயே நீங்கள் முடித்துவிடலாம். ஒப்பந்தத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு பேரும் இருந்து வாசித்த பிறகு அடுத்த நாள் கையெழுத்து வையுங்கள்.