தம்பியிடம் முதலில் எதைச் சொல்வது?

கேள்வி: நானும் தம்பியும் சேர்ந்து 9 ஆண்டுகள் தொழில் செய்தோம். கணக்கு என் கையில் இருந்தது. அவன் பங்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். நோட்டில் எண்களைத் திருத்தி எழுதினேன். அவனுக்கு இன்றுவரை தெரியாது. போன வருடம் ஆண்டவரை ஏற்றுக்கொண்டேன். இந்தப் பாவத்தையும் அவரிடம் அறிக்கையிட்டு அழுதேன். மன்னித்துவிட்டார் என்ற நிச்சயம் இருக்கிறது. இப்போது தம்பியும் இரட்சிக்கப்பட வேண்டும் என்று பெரிய பாரம். ஆனால் அவன் முன்னால் உட்கார்ந்து இயேசுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே வாய் அடைத்துப்போகிறது. இது பிசாசின் தடையா? மன்னிக்கப்பட்ட பாவத்தை மறுபடி கிளற வேண்டுமா? சொன்னால் என் சாட்சி கெட்டுப்போகாதா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். மற்ற வரிகளெல்லாம் நேராக ஓடுகின்றன. "எண்களைத் திருத்தி எழுதினேன்" என்ற வரியை மட்டும் இரண்டு தடவை அடித்துவிட்டு, மூன்றாவது தடவை எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று யோசித்தேன். அதை எழுதிவிட்டீர்களே, அதற்காகவே கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

இதை நான் பிசாசின் தடை என்று நினைக்கவில்லை. நீங்கள் அந்த நோட்டை மூடி வைத்துவிட்டுச் சரளமாகச் சுவிசேஷம் பேசினால் பிசாசுக்கு என்ன நஷ்டம்? உங்கள் வாயை அடைப்பது ஆவியானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கும்போது, சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார் (மத்தேயு 5). உங்களுக்கு நினைவு வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

மன்னிக்கப்பட்ட பாவத்தை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கிறீர்கள். தேவன் உங்களை மன்னித்தது உண்மை, அதில் ஒரு துளியும் சந்தேகப்படாதீர்கள். ஆனால் தேவன் மன்னித்ததால் தம்பியின் பணம் உங்களுடையதாகிவிடவில்லை. அது இன்னும் அவன் பணம்தான். லேவியராகமம் 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அயலானை ஏமாற்றி எடுத்தவன் முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, உரியவனுக்கே கொடுக்க வேண்டும்; அதுவும் குற்றநிவாரண பலியைச் செலுத்தும் நாளிலேயே. பலி கொடுத்தாயிற்று, இனிப் பணம் எதற்கு என்று கேட்க அங்கே இடமே இல்லை.

அப்படியானால் கிருபை எங்கே என்று கேட்பீர்கள். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரிவசூல்காரன் சகேயுவின் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். "நாலத்தனையாக (நான்கு மடங்காக) திரும்பச் செலுத்துகிறேன்" என்று அவன் சொன்ன பிறகுதான் இயேசு அந்த வீட்டுக்குப் போனார் என்றில்லை. அவன் இன்னும் மரத்தின்மேல் இருக்கும்போதே, ஒரு காசும் திரும்பக் கொடுக்காதபோதே, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார். கிருபை முதலில் வந்தது, பணப்பை பிறகு திறந்தது. உங்கள் வீட்டுக்கும் அவர் போன வருடமே வந்துவிட்டார். தம்பிக்குக் கொடுப்பது அவருடைய மன்னிப்புக்கு விலையாகாது. அந்த மன்னிப்பு கிடைத்ததால்தான் உங்களால் கொடுக்க முடிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருப்பிக் கொடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும், அதற்காக வாங்கிய 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அவன் "மனஸ்தாபப்பட்டு" கொடுத்தான் என்று நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. ஆனால் இயேசுவிடம் அவன் வரவில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவோ அழுதான், பிறகு படகிலிருந்து கடலில் குதித்துக் கரைக்கு, அவரிடம் வந்தான். மனந்திரும்புதல் என்ற நம் சொல்லை எனக்கு மிகவும் பிடிக்கும். கிரேக்கச் சொல்லான மெத்தனோயாவில் மனம் மாறுவது இருக்கிறது. எபிரெயத்தில் ஷுவ் என்றால் திரும்பி வருவது. தமிழ்ச் சொல்லில் இரண்டும் இருக்கின்றன. மனம் வருந்துவதோடு நின்றுவிடாமல், கால்களும் திரும்பி நடக்க வேண்டும். உங்கள் கால்கள் இப்போது தம்பி வீட்டு வாசல்வரை போக வேண்டும்.

சாட்சி கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு வருகிறேன். ஜான் நியூட்டனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிருபையைப் பற்றி உலகமெங்கும் பாடப்படும் பாடலை எழுதியவர். 1748-இல் கடலில் புயலுக்குள் சிக்கியபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டார். ஆனால் அதற்குப் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார்; 1754-இல்தான் கடலை விட்டார். போதகராகிப் பல ஆண்டுகள் ஆன பின், 1788-இல், தாம் அந்த வியாபாரத்தில் செய்ததையும் கண்டதையும் அச்சிட்டு வெளியிட்டார். தம் அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது, நடந்த கொடுமையை அது சரிசெய்யாது என்றும் அதிலேயே எழுதினார். அதனால் அவருடைய சாட்சி கெட்டுவிடவில்லை. அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்களுக்கு அது பெரிய பலமாயிற்று. 1807-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அந்த வியாபாரத்தைத் தடை செய்வதையும் பார்த்துவிட்டுத்தான் அவர் கண்ணை மூடினார். இப்போது உங்களிடம் இருப்பது பாதிச் சாட்சிதான். மீதி அந்த நோட்டில் இருக்கிறது.

சரி, எப்படிச் செய்வது? முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். பணம் உங்கள் இருவருடைய வீட்டிலிருந்து போகப்போகிறது. பிறகு பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, திருத்திய ஒவ்வொரு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். நினைவில்லாத இடத்தில் அவனுக்குச் சாதகமாகக் கணக்குப் போடுங்கள். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால், மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோங்கள். வேதாகமத்தை அன்றைக்குக் கையில் எடுத்துப் போக வேண்டாம்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். "உன் பங்கிலிருந்து உனக்குத் தெரியாமல் எடுத்தேன். இவ்வளவு எடுத்தேன். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்." அப்போதைய கஷ்டம், கடன் எதையும் சேர்க்காதீர்கள். "ஏதாவது தப்பு செய்திருந்தால்" என்ற பேச்சே கூடாது, செய்திருக்கிறீர்கள்.

எனக்கும் இப்படி ஒரு நாள் இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவரைப் பற்றி நான் சொன்ன பொய்யால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு நின்றுபோனது. சில ஆண்டுகள் கழித்து அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். கடைசியில், "சரி, போங்கள்" என்றார். அவ்வளவுதான். இன்றுவரை எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் மன்னித்தாரா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. உங்கள் தம்பியும் கத்தலாம், மற்ற உறவினரிடம் சொல்லலாம், கதவைச் சாத்தலாம். "மன்னித்துவிட்டாயா?" என்று அவனை நெருக்காதீர்கள். அவன் இப்போதுதான் கேள்விப்படுகிறான். நீங்களோ இதோடு பல வருடம் இருந்துவிட்டீர்கள்.

இதை அவனை இழுக்கும் தூண்டிலாகவும் ஆக்காதீர்கள். அவன் ஒருநாளும் சபைக்கு வரமாட்டான் என்று உறுதியாகத் தெரிந்தாலும் கொடுக்க வேண்டிய பணம் இது.

ஆனால் அவன் ஒரு கேள்வி கேட்கலாம்: "யாருக்கும் தெரியாதே அண்ணா, இப்போது ஏன் வந்து சொல்கிறாய்?" அப்போது உங்கள் வாய் அடைக்காது. நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று எழுதியவர் பேதுரு, மூன்று முறை மறுதலித்த அதே பேதுரு. அவர் விழுவதற்கு முன்பே, "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து" என்று இயேசு சொல்லி வைத்திருந்தார். கேட்டால் சொல்லுங்கள், இரண்டு நிமிடம் போதும். கேட்காவிட்டால் அடுத்த மாதத் தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

போகும் நாளை முடிவு செய்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தம்பியின் பெயர் எனக்குத் தெரிய வேண்டாம். அன்று காலை உங்கள் இருவருக்காகவும் ஜெபிப்பேன்.