பீடி நேரம்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டி இறக்குபவர்களிடையே ஒரு தன்னார்வக் குழுவுக்காக வேலை செய்கிறேன். புகையிலையின் கெடுதல் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் சிலருக்கு நாளைக்கு இரண்டு கட்டு பீடி ஆகிறது. கேட்டால், “டென்ஷன் சார், இது இல்லாம ஓடாது” என்கிறார்கள். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு வெளியே போய்ப் பற்றவைக்கிறார்கள். மனவுறுதி இல்லாததுதான் காரணமா?

க., கடலூர்

அன்புள்ள க.,

மனவுறுதியை இதற்குள் இழுக்க வேண்டாம். பிரிட்டனில் பார்த்த வரையில், புகையை விட முயல்வதில் ஏழைக்கும் வசதியானவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முயன்று வெற்றி பெறுவதில்தான் ஏழை பின்தங்குகிறார். ஆகவே அவரை எது திரும்ப இழுக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

இழுத்த புகையிலிருந்து, அடிமையாக்கும் பொருளான நிகோடின் மூளைக்குப் போய்ச் சேர 10 முதல் 20 விநாடி போதும். பிறகு ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இறங்க இறங்க எரிச்சல், படபடப்பு, கவனச் சிதறல். ஏலக்காரர் திட்டியதால் வந்த கடுப்பும் நிகோடின் இறங்கியதால் வந்த கடுப்பும் உடம்புக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பீடி இரண்டாவதைத்தான் தணிக்கிறது. பேர் வாங்குவது முதலாவதைத் தணித்ததற்கு. நாளைக்கு இரண்டு தடவை திட்டு வாங்குபவரைவிட இருபது தடவை வாங்குபவருக்கு இந்தக் கணக்குக் குழப்பம் அதிகம். தவணைக்காரர் வரும் நாள், டீசல் விலை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை: அழுத்தத்துக்கு நிஜமான காரணங்கள் அங்கே எப்போதும் உண்டு. அதனால் பீடியின் மேல் சந்தேகமே வராது. புகையை விட்டவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடுவதில்லை, குறைகின்றன என்று 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். “இது இல்லாம ஓடாது” என்பவரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். புற்றுநோய்ப் படம் அவர் பார்த்ததுதான். சிகரெட் பெட்டியில் 85% இடத்தை அது பிடித்திருக்கிறது என்றாலும், சில்லறையாக ஒரு சிகரெட் வாங்குபவர் கையில் அந்தப் படம் வருவதே இல்லை.

இன்னொரு விஷயம், என் கணிப்பில் இதுவே பெரியது. சுமை வேலையில் சும்மா உட்கார்ந்தால் கேள்வி வரும். பீடியோடு உட்கார்ந்தால் வராது. ஓய்வுக்கு அங்கே கிடைக்கும் ஒரே அனுமதிச் சீட்டு பீடிதான். பசியை அமுக்கும், நாலு பேரோடு நிற்க வைக்கும், நெருப்புக் கேட்கிற சாக்கில் பேச்சுக் கொடுக்கும். பீடியைப் பிடுங்கினால் இந்த நாலும் சேர்ந்து போகின்றன. மேஸ்திரியிடம் பேசி, பீடி இல்லாதவருக்கும் அதே பத்து நிமிடத்தை வாங்கிக் கொடுங்கள். உங்கள் கூட்டத்தைவிட அது அதிகம் செய்யும்.

இனி விடுகிறவருக்கு. முதல் 3 நாள்தான் உச்சம். எரிச்சல் அடங்க 2 முதல் 4 வாரம். ஆகவே தவணை நாளிலோ தடைக்காலம் தொடங்கும் வாரத்திலோ ஆரம்பிக்க வேண்டாம். ஆசை பொங்கினால் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் வடியும். தண்ணீரோடு கொஞ்ச தூரம் நடக்கச் சொல்லுங்கள்.

டீயைப் பாதியாக்கச் சொல்லுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. புகை உள்ளே போகும்வரை உடம்பு காஃபீனைச் சீக்கிரம் வெளியேற்றும். புகை நின்றால் அதே ஆறு டீயின் காஃபீன் கூடுதல் நேரம் தங்கும். வருகிற படபடப்பைப் பார்த்து “பீடியை விட்டதால்தான்” என்று அவர் திரும்பப் பற்றவைத்துவிடுவார்.

பீடிக்குப் பதிலாக மெல்லும் நிகோடின் கம் 2 மி.கி. மருந்துக் கடையில் கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பிடிப்பவருக்கு 4 மி.கி. தேவைப்படலாம், அதை மருத்துவர் சொல்லட்டும். நெஞ்சுவலிக்காரரும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். தவறு நடப்பது மெல்லும் விதத்தில். சூயிங்கம் போல மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் வரும், “எனக்கு ஒத்துக்கலை” என்று துப்பிவிடுவார். நாக்கில் காரம் தட்டும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பும் மெல்லும்போதும் டீ கூடாது. முதல் 6 வாரம் 1–2 மணிக்கு ஒன்று. பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரத்தில் நிறுத்தலாம். இதற்குப் பதில் புகையிலையை வாயில் அடக்கினால் கதை மாறாது.

“பீடியில தூள் கம்மிதானே” என்றும் வாதம் வரும். தூள் குறைவு உண்மைதான். ஆனால் அடிக்கடி இழுக்காவிட்டால் பீடி அணைந்துவிடும். இழுக்க இழுக்க நிகோடினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகும்.

1800-11-2356 புகையிலையை விட உதவும் தேசிய இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். அழைப்பது நீங்களாக இருக்க வேண்டாம், அவரே அழைக்கட்டும். பெட்டி இறக்கி முடித்த பிறகு, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.