பிட் லைனில் நூறு மில்லிவோல்ட்: சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் கேள்வி பதில்

மெமரி சிப் பற்றி நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பொறியியல் பிள்ளைகளும், அவர்களைப் படிக்க வைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் கோட்டையூர்க்காரன். மெமரி சர்க்யூட் வரைந்துதான் பிழைப்பு. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன்.

காரைக்குடி, நகைக்கடை வைத்திருப்பவர்: மகள் கடைசி வருட ப்ராஜெக்டுக்கு சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் எடுத்திருக்கிறாள். அது என்ன வேலை செய்கிறது தம்பி?

உங்களுக்குச் சொல்வது சுலபம் அண்ணே. பழைய நகைத் தராசுதான் அது. ஒரு தட்டில் மெமரி செல் தரும் வோல்டேஜ், மறுதட்டில் ஒப்பிட ஒரு வோல்டேஜ். எந்தப் பக்கம் துளி இறங்கினாலும் அதை அடிவரை இறக்கிவிட்டு, 'இது 1', 'இது 0' என்று தீர்ப்புச் சொல்லும். ஆனால் வெறுந்தட்டிலேயே ஒரு பக்கம் சாய்கிற தராசில் குந்துமணி எடையை நம்ப முடியுமா? அந்தச் சாய்வுக்கு எங்கள் தொழிலில் ஆஃப்செட் என்று பெயர். மகள் இந்த வருடம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டப் போகிறாள்.

தேவகோட்டை, மூன்றாமாண்டு மாணவர்: டி-ராம் செல்லிலிருந்து பிட் லைனுக்கு உண்மையில் எவ்வளவு சிக்னல் வரும்?

கம்ப்யூட்டரின் முதன்மை மெமரியான டி-ராமில் ஒரு செல் என்பது ஒரு டிரான்சிஸ்டர், சார்ஜைச் சேமிக்கும் ஒரு கப்பாசிட்டர். ஒரு நெடுவரிசையின் செல்கள் எல்லாம் வந்து சேரும் கம்பிதான் பிட் லைன். ஐபிஎம்மில் ராபர்ட் டென்னார்ட் 1966-இல் யோசித்து 1968-இல் காப்புரிமை வாங்கிய அதே செல்தான் இன்றும். கணக்கு போடுவோம். கப்பாசிட்டன்ஸ் (சார்ஜ் பிடிக்கும் அளவு) செல்லுக்கு 20 ஃபெம்டோஃபாரட், பிட் லைனுக்கு 100 ஃபெம்டோஃபாரட், சப்ளை 1.2 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட் லைனை முதலில் பாதி சப்ளைக்கு, அதாவது 0.6 வோல்ட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவோம். ஒரு வரிசை செல்களைத் திறந்துவிடும் வேர்ட் லைன் ஏறியதும் செல்லில் உள்ள சார்ஜ் பிட் லைனோடு கலக்கும். 0.6 பெருக்கல் 20, வகுத்தல் 120. ஆக 0.1 வோல்ட், நூறு மில்லிவோல்ட். செல்லில் 1 இருந்தால் அவ்வளவு மேலே, 0 இருந்தால் அவ்வளவு கீழே. கசிவும் பக்கத்து பிட் லைன் சத்தமும் இதிலிருந்துதான் பங்கு கேட்கும்.

அந்தப் 'பாதி சப்ளை' எனக்குப் பிடித்த ஏற்பாடு. படித்து முடிந்ததும் ஒரு பிட் லைன் 1.2-இல் நிற்கும், அதோடு ஒப்பிடும் ஜோடி லைன் 0-இல் நிற்கும். இரண்டையும் ஒரு டிரான்சிஸ்டரால் இணைத்துவிட்டால் தானாகவே 0.6-க்கு வந்துவிடும். அதற்காக சப்ளையிலிருந்து சார்ஜ் எதுவும் எடுக்க வேண்டியதில்லை.

பள்ளத்தூர், மாணவி: கெயின் நிறைய உள்ள ஆப்-ஆம்ப் ஒன்றைப் போட்டால் பிரச்சினை தீராதா?

தீராது தங்கச்சி. ஆப்-ஆம்ப் என்ற பொதுப் பெருக்கி சும்மா இருக்கும்போதும் கரண்ட் குடிக்கும். ஒரு சிப்பில் ஆயிரக்கணக்கில் வைக்க வேண்டியதற்கு அது கட்டுப்படியாகாது. சென்ஸ் ஆம்ப்ளிஃபையராக நாங்கள் வைப்பது குறுக்காகப் பிணைத்த இரண்டு இன்வெர்ட்டர் (1-ஐ 0 ஆகவும் 0-வை 1 ஆகவும் திருப்பும் சர்க்யூட்) கொண்ட லாட்ச். அது முடிவெடுக்கும் அந்த நொடித்துளியில் மட்டும் கரண்ட் எடுக்கும்; ஒன்றை மற்றொன்று தள்ளிவிடும் பாசிட்டிவ் ஃபீட்பேக்கில் கெயின் (பெருக்கும் மடங்கு) தானாகக் கிடைக்கும். கெயினைத் தேடி யாரும் இங்கே அலைவதில்லை.

காரைக்குடி, விரிவுரையாளர்: ஆஃப்செட் எங்கிருந்து வருகிறது? டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கினால் போதுமா?

ஒரே மாதிரி வரைந்த இரண்டு டிரான்சிஸ்டர் ஒரே மாதிரி வந்து சேராது சார். கரண்ட் ஓடும் சேனலுக்குள் விழும் டோபன்ட் (கலப்பு) அணுக்களின் எண்ணிக்கையே ஒன்றுக்கொன்று மாறும்; அதனால் டிரான்சிஸ்டர் திறக்கத் தேவையான த்ரெஷோல்ட் வோல்டேஜும் மாறும். 1989-இல் பெல்கிரோம் எழுதிய விதிப்படி இந்தச் சிதறல் பரப்பின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். ஆஃப்செட்டைப் பாதியாக்க நாலு மடங்கு பரப்பு தர வேண்டும். நாலு மடங்கு பரப்பு என்றால் கேட் கப்பாசிட்டன்ஸும் ஏறும், மின்செலவும் ஏறும். ஒரு எல்லைக்கு மேல் நஷ்டம்தான்.

மாணவர்கள் வழக்கமாக விடுகிற இடம் சிக்மா, அதாவது சிதறலின் அளவு. ஆஃப்செட்டின் சிக்மா 10 மில்லிவோல்ட் என்றால் 30-க்கு மேல் போவது 370-இல் ஒன்று. பத்தாயிரம் சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் உள்ள சிப்பில் அது 27. ஒரு சிப் கூடத் தேறாது! 5 சிக்மா, 50 மில்லிவோல்ட் வரை கணக்கில் எடுத்தால்தான் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே வரும். மான்டி கார்லோவில் (மதிப்புகளைத் தற்செயலாக மாற்றி மாற்றி ஓட்டும் சிமுலேஷன்) நூறு ரன் ஓட்டிவிட்டு 'எல்லாம் பாஸ்' என்று ரிப்போர்ட் எழுதுவதை நீங்களாவது ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புதுவயல், முதுநிலை மாணவர்: எஸ்-ராமில் சென்ஸ் ஆம்ப்ளிஃபையரின் பவரை எப்படிக் குறைப்பது?

கேள்வியையே கொஞ்சம் நகர்த்துகிறேன் தம்பி. எஸ்-ராம் என்பது கப்பாசிட்டருக்குப் பதில் சிறு லாட்சிலேயே பிட்டை வைக்கும் மெமரி. அதில் பவர் போவது ஆம்ப்ளிஃபையரில் அல்ல, பிட் லைனில். 100 ஃபெம்டோஃபாரட் பிட் லைன் 1 வோல்ட் முழுக்க இறங்கி ஏறினால் 100 ஃபெம்டோஜூல். 0.1 வோல்ட் இறங்கியதும் வேர்ட் லைனை மூடிவிட்டால் 10 தான். அதுவும் நாலு நெடுவரிசையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸ் போட்ட 32 பிட் மெமரியில் வேர்ட் லைன் ஏறினால் 128 நெடுவரிசையின் பிட் லைனும் இறங்கும். நீங்கள் கேட்காத 96-க்கும் சேர்த்துத்தான் கரன்ட் பில்.

சரி, அப்படியானால் 0.1-ஐ 0.03 ஆக்கிவிடலாமே? அங்கேதான் ஆஃப்செட் வந்து நிற்கிறது. முந்தைய பதிலின் 50 மில்லிவோல்ட் அளவுக்காவது பிட் லைன் இறங்காவிட்டால் தீர்ப்பு தப்பலாம். ஸ்டெபிலிட்டி ஒரு அத்தியாயம், லோ பவர் இன்னொரு அத்தியாயம் என்று புத்தகங்கள் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆஃப்செட்டில் குறைக்கும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் 128 பிட் லைனிலும் மிச்சம். அதற்குப் பரப்பைக் கூட்டுவது மட்டும் வழியல்ல. சிறிய ஆம்ப்ளிஃபையர் இரண்டு வைத்து, டெஸ்டில் நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆம்ப்ளிஃபையரை முடிவெடுக்கத் தூண்டும் எனேபிள் சிக்னலைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றினாலும் ஆஃப்செட்டின் பாதிப்பு குறையும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கண்டனூர், மாணவர்: எனேபிள் சிக்னலை இன்வெர்ட்டர் வரிசையால் தாமதப்படுத்தியிருக்கிறேன். 1 வோல்ட்டில் சரியாக வருகிறது, 0.7-இல் தப்பாகப் படிக்கிறது. ஏன்?

சப்ளை குறையும்போது எஸ்-ராம் செல்லின் ரீட் கரண்ட், இன்வெர்ட்டரைவிட வேகமாக விழுகிறது. உங்கள் இன்வெர்ட்டர் வரிசை தன் கணக்கில் சரியாகத்தான் ஓடியிருக்கும். ஆனால் பிட் லைன் அதற்குள் 50 மில்லிவோல்ட் கூட இறங்கியிருக்காது. லாட்ச் ஒருமுறை தப்பான பக்கம் சாய்ந்துவிட்டால் அப்புறம் திரும்ப வழியில்லை. டி-ராமில் இன்னும் மோசம், தப்பான பதிலையே செல்லில் திருப்பி எழுதிவிடும்.

அதே செல்களால் செய்த ரெப்ளிகா (நகல்) பிட் லைன் ஒன்றை ஓரத்தில் வையுங்கள். அது இறங்குவதைப் பார்த்து எனேபிளைத் தூண்டினால் வோல்டேஜ், வெப்பம் இரண்டையும் ஏறக்குறையப் பின்தொடரும்.

ஆத்தங்குடி, வாசகர்: நம்ம ஊர் சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் மெமரி மறந்துபோகுமா?

வெயில் அல்ல, சிப்பின் சூடுதான் கணக்கு. சூடு ஏறினால் செல்லின் சார்ஜ் சீக்கிரம் கசியும். டிடிஆர்4 வகை மெமரியில் வழக்கமாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லா வரிசையும் புதுப்பிக்கப்படும்; 85 டிகிரிக்கு மேல் போனால் 32 மில்லிநொடிக்கு ஒருமுறை. மறக்காது, மின்செலவு கூடும்.

கானாடுகாத்தான், பெற்றோர்: இந்தப் படிப்புக்கு இங்கே வேலை உண்டா?

உண்டு ஆச்சி. குஜராத் சானந்தில் மெமரி கம்பெனி மைக்ரான் ஆரம்பித்தது அசெம்பிளி, டெஸ்ட் வேலைக்கு. சர்க்யூட் வரையும் வேலை பெங்களூரு, ஹைதராபாத் பக்கம்.

தேவகோட்டை, மாணவி: விலையில்லா டூல் வைத்து இதைச் செய்து பார்க்க முடியுமா? லேஅவுட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

முடியும். ஸ்கைவாட்டர் 130 நானோமீட்டர் பிடிகே (சிப் ஃபேக்டரி தரும் டிசைன் விவரத் தொகுப்பு) 2020-இலிருந்து எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. என்ஜிஸ்பைஸில் சிமுலேஷன், மேஜிக்கில் லேஅவுட். லாட்ச் ஜோடியை ஒரே திசையில், அருகருகே வரையுங்கள். இரு ஓரத்திலும் டம்மி டிரான்சிஸ்டர் வையுங்கள், ஓரத்தில் இருப்பது தனி குணம் காட்டாமல் இருக்கும். மேலே ஓடும் மெட்டலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கட்டும். லேஅவுட்டிலிருந்து கப்பாசிட்டன்ஸைக் கணக்கிடும் எக்ஸ்ட்ராக்ஷன் முடிந்ததும் இரண்டு வெளியீட்டு முனைகளின் கப்பாசிட்டன்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஒத்துப்போகவில்லை என்றால் மான்டி கார்லோ ஓட்ட வேண்டாம், முதலில் மெட்டலைத் திருத்துங்கள்.