சைக்கிளில் போகிறவர்களுக்கு அதிகம் நேரும் விபத்துகள் எவை? வண்டி மோதிவிட்டால் சட்டப்படி என்ன உரிமை இருக்கிறது?

சைக்கிள் எடுக்கும் எவருக்கும் வீட்டில் சொல்லி அனுப்புவது "ஓரமாப் போ" என்பதுதான். நம் சாலைகளில் அந்த ஓரம்தான் ஆபத்தான இடம்.

முதலில் தார் விளிம்பு. பல சாலைகளில் தார் பக்கத்து மண்ணைவிட மூன்று, நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும். பின்னால் ஹாரன் அடித்ததும் மண்ணில் இறங்கி, வண்டி போனதும் ஓட்டியபடியே சாலையில் ஏறப் பார்ப்போம். முன் சக்கரம் விளிம்போடு உரசிக்கொண்டே ஓடுமே தவிர மேலே ஏறாது. ஹேண்டில்பாரைத் திருப்பத் திருப்ப உடம்பு சாலைப் பக்கம் சாயும், அடுத்து வரும் வண்டியின் முன்னால் விழுவோம். மண்ணில் இறங்கிவிட்டால் நிறுத்தி, சைக்கிளைத் தூக்கி ஏற்றுவதே சரி. இறங்க வேண்டிய நிலையே வராமலிருக்க விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே நேர்கோட்டில் ஓட்டுங்கள். மணலும், கண்ணாடித் துண்டும், கம்பி போட்ட வடிகால் மூடியும் அந்த ஒரு மீட்டருக்குள்தான் கிடக்கும்.

நிறுத்தியிருக்கும் கார்களைக் கடக்கும்போதும் இதே இடைவெளி வேண்டும். திறந்த கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். அது ஹேண்டில்பாரின் இடது நுனியைத் தட்டினாலே போதும், முன் சக்கரம் இடப்பக்கம் மடங்கி ஆள் வலப்பக்கம், அதாவது வண்டிகள் ஓடும் பக்கம் விழுவார். காருக்குள் டிரைவர் சீட்டில் தலை தெரிகிறதா, பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

உயிர் போகிற விபத்துகளில் பல லாரி, பஸ்ஸின் இடப்பக்கத்தில் நடப்பவை. ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். வண்டியின் இடது முன் மூலையை ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நீண்ட வண்டி திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன வழியில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் நிற்கும்போது விசாலமாகத் தெரிந்த இடைவெளி லாரி இடப்பக்கம் திரும்பத் தொடங்கியதும் ஒன்றுமில்லாமல் போய்விடும். சிக்னலிலோ, பஸ் நிறுத்தத்திலோ பெரிய வண்டியின் இடப்பக்கம் நுழையாதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள். இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாலும் போதும் என்பேன்.

இரவில் பின்னாலிருந்து மோதுவது அடுத்தது. டைனமோ விளக்கு சைக்கிள் நின்றதும் அணைந்துவிடும். அதனால் பின்பக்கம் பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று தனியாக வேண்டும், முன்னால் வெள்ளை விளக்கு. பெடலிலும் கணுக்காலிலும் பிரதிபலிக்கும் பட்டை ஒட்டினால் அது மேலும் கீழும் அசையும். வருவது சைக்கிள் என்று அந்த அசைவைப் பார்த்துத்தான் ஓட்டுநருக்குச் சட்டென்று புரியும்.

யாரும் மோதாமல் நாமாக விழுவதும் ஏராளம். ஹேண்டில்பாரில் தொங்கும் துணிப்பை ஆடி முன் சக்கரக் கம்பிக்குள் போனால் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஆள் தலைகுப்புறத்தான். சுமையைப் பின் கேரியரில் கட்டுங்கள். கேரியரில் உட்காரும் குழந்தையின் குதிகால் கம்பிக்குள் சிக்கித் தோலும் சதையும் பிய்வது அடிக்கடி நடக்கிறது. காலை விரித்து வைக்கச் சொன்னால் குழந்தைக்கு நினைவிருக்காது. சக்கரத்தின் இருபுறமும் வலை அல்லது தகடு, கால் வைக்கக் கட்டை, இரண்டும் இல்லாமல் குழந்தையை ஏற்றாதீர்கள். சேலை, துப்பட்டா, வேட்டிக்கும் செயின் கவரும் அந்த வலையும்தான் காப்பு.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்தும் பலத்தின் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஒரு முறை கவிழ்ந்த பயத்தில் முன் பிரேக்கைக் கழற்றிவிடுகிறவர்கள் உண்டு, அது தப்பு. உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளி, கையை விறைப்பாக வைத்து, இரண்டையும் சேர்த்து மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். லீவரை முழுக்க அழுத்தினாலும் ஹேண்டில்பாருக்கு இரண்டு விரல் முன்னாலேயே அது நிற்க வேண்டும். பிரேக் கட்டை ரிம்மில் மட்டும் படியட்டும், டயரில் உரசக் கூடாது. கட்டையின் வரிப்பள்ளம் தேய்ந்துவிட்டால் மாற்றுங்கள். மழையில் பளபளக்கும் இரும்பு ரிம் ஏறக்குறைய பிடிக்காது. திருப்பத்துக்கு வெகுமுன்பே லேசாகப் பிடித்து ரிம்மின் தண்ணீரைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்கவசம் சைக்கிளுக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் போடுங்கள்: புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, தாடை வாருக்குள் ஒரு விரல் மட்டும் நுழையும் இறுக்கம்.

இனி சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். "லைசென்ஸ் இல்லாத உனக்கு எதுக்குய்யா நஷ்டஈடு" என்று யாராவது மிரட்டினால் அதற்கு ஒரு அடிப்படையும் கிடையாது. மோதிய வண்டிக்குக் கட்டாயமாக இருக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீடு உங்களைப் போன்றவருக்காகத்தான்.

அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பதும் காவல் நிலையத்துக்குச் சொல்வதும் அதே சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி அந்த ஓட்டுநரின் கடமை. நீங்கள் 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம்.

மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதைக் கவனியுங்கள். சைக்கிளில் போனபோது இன்ன வண்டி மோதியது என்று அதில் வர வேண்டும். வலியில் "கீழ விழுந்துட்டேன்" என்று சொல்லி அது அப்படியே பதிவானால், பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கையிலெடுப்பது அந்த வரியைத்தான். அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கி வையுங்கள். சைக்கிளைப் படம் எடுக்கும் முன் ரிப்பேருக்கு விடாதீர்கள்.

காவல் நிலையத்தில் புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதன் நகல் இலவசம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் தரலாம். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள். கையில் பத்தாயிரம் வாங்கிக்கொண்டு "சமாதானம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மூன்றாம் மாதம் எலும்பு கூடவில்லை என்று தெரியும்போது செலவுக்கு வழி தேடி அலைய வேண்டியிருக்கும்.

நஷ்டஈட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில், விபத்து நஷ்டஈட்டு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். 2019 திருத்தம் சொல்லும் காலக்கெடு ஆறு மாதம், அதைத் தாண்ட விடாதீர்கள். எதிரே வந்தவர் தப்பு என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், இறப்புக்கு ஐந்து லட்சம் உண்டு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166 மனு அத்தோடு முடிந்துவிடும். எலும்பு முறிவும், பதினைந்து நாள் அன்றாட வேலை செய்ய முடியாத நிலையும் கொடுங்காயம்தான். எதிர்த்திசையில் போனது, இரவில் விளக்கில்லாமல் போனது போன்றவற்றை உங்கள் பங்குத் தவறாகக் கணக்கிட்டுத் தொகையைக் குறைப்பார்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய் அடையாளமே தெரியாவிட்டால் 161-ஆம் பிரிவு. 2022 ஏப்ரல் 1 முதல் இறப்புக்கு இரண்டு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரம். கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் நிலையிலுள்ள கோரிக்கை விசாரணை அதிகாரியிடம் மனு தர வேண்டும். பலர் இது தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள், பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் பெறலாம். தொலைபேசி எண் 15100.

மின்சார சைக்கிள் வைத்திருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால்தான் அது சைக்கிள் கணக்கு. கடையில் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தந்தால் அது மோட்டார் வாகனமாகிவிடும், லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ் மூன்றையும் உங்களிடம் கேட்பார்கள்.